அருகில்தானே இருக்கிறது பெரிய ஆஸ்பத்திரி

1

தமிழ்நாட்டின் மகப்பேற்று மருத்துவத்தைக் குறைகூற முற்படுபவன் முதலில் சில எண்களை எதிர்கொண்டாக வேண்டும். 2018-20 ஆண்டுகளுக்கான மாதிரிப் பதிவு ஆய்வின்படி, ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு இந்தியா முழுமைக்கும் 97 தாய்மார்கள் இறந்தார்கள். தமிழ்நாட்டில் 54 பேர். ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019-21) இங்கே நூற்றுக்கு 99.6 பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. கிராமச் செவிலியர், ஆரம்ப சுகாதார நிலையம், 2008 முதல் ஓடும் 108 ஊர்திகள், முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான நிதியுதவி என்று பல பத்தாண்டு உழைப்பு இந்த எண்களுக்குப் பின்னால் இருக்கிறது. அதில் பெருமைப்பட நமக்கு உரிமையுண்டு.

ஆனால் இந்தச் சாதனை முழுவதும் பிரசவத்தைச் சுற்றிக் கட்டப்பட்டது. பிரசவம் வரை போகவே முடியாத ஒரு கர்ப்பம் இருக்கிறது. அதன் முன்னால் நம் ஏற்பாடுகள் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கின்றன என்பதே இந்தக் கட்டுரையின் குற்றச்சாட்டு.

கரு, கருப்பைக்கு வெளியே ஒட்டிக்கொண்டு வளர்வதையே சொல்கிறேன். நூறு கர்ப்பங்களில் ஒன்று அல்லது இரண்டு இப்படி அமைகின்றன. அவற்றிலும் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவை கருக்குழாயில். மருத்துவர்கள் 'எக்டோபிக்' என்பார்கள். மக்கள் 'டியூப்ல கரு' என்பார்கள். நான் குழாய்க்கரு என்று எழுதுகிறேன். சில குழாய்க்கருக்கள் தாமாகவே கரைந்துவிடும். மற்றவை வளரும். அந்த மெல்லிய குழாய் கருப்பையைப் போல விரிந்துகொடுக்கும் உறுப்பன்று. பெரும்பாலும் ஆறு, எட்டு வாரங்களில் அது கிழிகிறது. ரத்தம் வெளியே வருவது சில துளிகளே. மற்றதெல்லாம் வயிற்றுக்குள் தேங்குகிறது. ஐம்பது கிலோ எடையுள்ள ஒரு பெண்ணின் உடலில் ஓடும் மொத்த ரத்தமே ஏறக்குறைய மூன்றரை லிட்டர்தான். அதில் ஒன்றரை லிட்டர் யார் கண்ணிலும் படாமல் வயிற்றுக்குள் இறங்கிவிட முடியும்.

இங்கே தாயா, சேயா என்ற பழைய கேள்விக்கே இடமில்லை. குழாயில் தங்கிய கருவை எடுத்துக் கருப்பையில் வைக்கும் வித்தை உலகில் எங்கும் கிடையாது. காப்பாற்றப்பட வேண்டியது, காப்பாற்றப்படக் கூடியது, ஒரே ஓர் உயிர்.

2

திருச்சி மலைக்கோட்டையில் குடிகொண்டிருக்கும் இறைவனுக்குத் தாயுமானவர் என்று பெயர் வந்த கதையை இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. நிறைமாதப் பெண் ரத்தினாவதி. காவிரியில் வெள்ளம், தாயால் ஆற்றைக் கடக்க முடியவில்லை. சிவனே தாயின் உருவில் வந்து மகப்பேறு பார்த்தான். இதைவிட அழகாகப் பேறுகால உதவியைப் பற்றி ஒரு சமூகம் கனவு கண்டதாக எனக்குத் தெரியவில்லை. அது மருத்துவத் தாமதத்தைப் பற்றிய கதையும்கூட. 1994 இல் தாடியஸ், மெய்ன் என்ற இரு ஆய்வாளர்கள் தாய்மார் மரணத்துக்கு மூன்று தாமதங்களைக் காரணமாகச் சொன்னார்கள்: முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேர்வதில் தாமதம், போன இடத்தில் சிகிச்சை கிடைப்பதில் தாமதம். ரத்தினாவதியின் கதை இரண்டாவது தாமதத்தின் கதை.

ஆனால் கதையின் பெண் நிறைமாதப் பெண் என்பதைக் கவனியுங்கள். ஊரே அறிந்த கர்ப்பம் அது. வளைகாப்பு நடந்த கர்ப்பம். நம் கற்பனையில் கர்ப்பம் என்றால் மேடிட்ட வயிறு. நம் நிர்வாகக் கற்பனையும் அதே வழியில்தான் போகிறது: பதிவு எண், தடுப்பூசி, ஸ்கேன் தேதி, பிரசவ தேதி. குழாய்க்கரு இவை எல்லாவற்றுக்கும் முந்தியது. ஆறாவது வாரத்தில் பல பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பம் என்பதே தெரியாது. தெரிந்தாலும் 'நாள் தள்ளிப் போயிருக்கு, பார்ப்போம்' என்ற நிலையில்தான் இருப்பார்கள். எந்தப் பதிவேட்டிலும் பெயரில்லாத கர்ப்பிணி அவள்.

இத்தனைக்கும் உலக சுகாதார நிறுவனம் தாய்மார் மரணத்துக்குத் தந்திருக்கும் இலக்கணம் இவளை மறக்கவில்லை. கர்ப்பகாலத்திலோ அது முடிந்த 42 நாட்களுக்குள்ளோ, கர்ப்பத்தின் காலமும் 'இடமும்' எதுவாயினும், கர்ப்பம் காரணமாக நேரும் மரணம் என்கிறது அது. 'இடமும்' என்ற அந்த ஒரு சொல் இவளுக்காகவே போடப்பட்டது. ஆனால் இலக்கணம் வேலை செய்ய, அவள் கர்ப்பமாக இருந்தாள் என்பது யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும். 'வயிற்றுவலி, மயக்கம், வரும் வழியிலேயே மரணம்' என்று எழுதி முடிக்கப்படும் பெண், லட்சத்துக்கு 54 என்ற கணக்கிலும் வரமாட்டாள்.

3

இனி துவாக்குடிக்கு வருவோம்.

திருச்சியிலிருந்து தஞ்சாவூர் போகும் சாலையில், திருவெறும்பூர் தாண்டி இருக்கிறது இந்த ஊர். 1960களில் பெல் ஆலையும், இன்று என்.ஐ.டி. என்று அழைக்கப்படும் மண்டலப் பொறியியல் கல்லூரியும் வந்தபின் இப்பகுதியின் முகமே மாறியது. சிட்கோ தொழிற்பேட்டை, இரும்பை வெட்டி ஒட்டும் பட்டறைகள், அவற்றுக்கு வேலை தேடி வந்த வெளிமாவட்ட, வெளிமாநிலக் குடும்பங்கள் என்று ஒரு பெரும் உழைக்கும் மக்கள் கூட்டம் இங்கே வாழ்கிறது. ஊரில் அரசு மருத்துவமனை உண்டு. மேற்கே சுமார் இருபது கிலோமீட்டரில் திருச்சியின் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை; கிழக்கே தஞ்சை மருத்துவக் கல்லூரி. இரண்டு பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு நடுவே, நெடுஞ்சாலையின் மேலேயே அமைந்த ஊர். இதைவிடப் பாதுகாப்பான இடம் வேறெது என்று தோன்றும்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெரிய ஆஸ்பத்திரி அருகில் இருப்பதே சிறிய ஆஸ்பத்திரியைச் சிறியதாகவே வைத்திருக்கிறது. 'திருச்சி பக்கத்தில்தானே இருக்கிறது, அனுப்பிவிடலாம்' என்ற ஒரு வாக்கியம் போதும். இரவில் மயக்க மருந்து நிபுணர் எதற்கு, ரத்தச் சேமிப்பு அறை எதற்கு, அறுவை அரங்கின் விளக்கு எதற்கு என்ற கேள்விகள் எல்லாம் அடங்கிவிடும். மாறாக, அருகில் எதுவுமே இல்லாத இடங்களைப் பாருங்கள். தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு இடையே சிட்டிலிங்கியில் 1993 இல் மருத்துவர்கள் ரெஜியும் லலிதாவும் ஒரு குடிசையில் தொடங்கிய மருத்துவமனை, காலப்போக்கில் அறுவை அரங்கத்தோடு வளர்ந்தது. அனுப்புவதற்கு அருகில் இடமில்லை என்பதால் அங்கே செய்தாக வேண்டியிருந்தது. துவாக்குடி போன்ற ஊர்களுக்கு அந்தக் கட்டாயம் நேரவே இல்லை.

இது எந்த ஒரு மருத்துவமனையின் மீதோ மருத்துவர் மீதோ வைக்கப்படும் புகார் அல்ல. மாநகரங்களின் விளிம்பில் இருக்கும் எல்லாச் சிறு மருத்துவமனைகளின் விதியும் இதுதான்.

இருபது கிலோமீட்டர் என்ன பெரிய தூரம், அரைமணி நேரம்தானே என்பீர்கள். கற்பனையாக ஒரு கணக்குப் போடுவோம். பட்டறைத் தொழிலாளி ஒருவரின் மனைவிக்கு இரவு ஒன்பது மணிக்கு அடிவயிற்றில் வலி. மெடிக்கல் ஷாப்பில் வாயுவுக்கு மாத்திரை. நள்ளிரவில் வாந்தி, கழிவறையில் ஒரு மயக்கம். காலை ஆறு மணிக்கு அருகிலிருக்கும் கிளினிக். குளுக்கோஸ் ஒரு பாட்டில். தோளில் வலிக்கிறது என்கிறாள். தூங்கிய வாக்கில் சுளுக்கு என்கிறார்கள். உண்மையில், வயிற்றில் தேங்கிய ரத்தம் உதரவிதானத்தை உறுத்தும்போது வலி தோளில்தான் தெரியும். ஒன்பது மணிக்கு அரசு மருத்துவமனை. வெளிநோயாளிகள் வரிசை. பதினொரு மணிக்கு 'திருச்சிக்குக் கொண்டு போங்க' என்று சீட்டு. பன்னிரண்டு மணிக்குத் திருச்சியில் இறங்கும்போது அவள் பதினைந்து மணி நேரமாக உள்ளுக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருப்பவள். இதில் சாலை தின்றது அரைமணி நேரம். மீதியைத் தின்றது யார்?

4

மீதியைத் தின்றது, கேட்கப்படாத ஒரு கேள்வி. அந்தக் கேள்விக்கான விடை ஒரு சிறு அட்டையில், சில துளிச் சிறுநீரில், ஐந்து நிமிடத்தில் கிடைக்கும். கர்ப்பப் பரிசோதனை அட்டை ஒரு தேநீர், வடைச் செலவைத் தாண்டாது. 'நிஷ்சய்' என்ற பெயரில் அரசே இலவசமாகக் களப்பணியாளர்களுக்குத் தந்த பொருள் அது. பிரிட்டனில் 1952 முதல் ஒவ்வொரு தாய்மார் மரணத்தையும் ரகசியமாக விசாரித்து அறிக்கை வெளியிடும் ஏற்பாடு உண்டு. வயிற்றுப்போக்கு, வாந்தி, மயக்கம் என்று வந்து, வயிற்றுக் கோளாறு என்று கருதப்பட்டு இறந்த குழாய்க்கருப் பெண்களைப் பற்றி அந்த அறிக்கைகள் திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கின்றன. ஆக, இது ஏழை நாட்டு மருத்துவரின் அறியாமை மட்டுமன்று. நோயே மாறுவேடம் போடும் நோய். அதனால்தான் பரிசோதனையை ஊகத்துக்கு விடக்கூடாது என்கிறேன்.

நம்மூரில் ஊகம் எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். 'நாள் தள்ளிப் போயிருக்காம்மா?' என்று செவிலியர் கேட்கிறார். 'அதெல்லாம் இல்ல சிஸ்டர், ஆபரேஷன் பண்ணியாச்சு' என்கிறாள் அவள். கேள்வி அத்தோடு முடிகிறது. முடியக்கூடாது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான மணமான பெண்களில் 57.8 விழுக்காட்டினர் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்துகொண்டவர்கள் என்கிறது மேலே சொன்ன குடும்ப நல ஆய்வு. அறுவைக்குப் பின் கர்ப்பம் தரிப்பது அபூர்வம். ஆனால் தரித்தால் அது குழாயில் இருப்பதற்கான வாய்ப்பு மிக அதிகம். அமெரிக்காவில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 1997 இல் வெளியிடப்பட்ட ஆய்வில், அறுவைக்குப் பிறகு நேர்ந்த 143 கர்ப்பங்களில் 47 கருப்பைக்கு வெளியே இருந்தன. மூன்றில் ஒன்று! பிரசவத்தை ஒட்டிக் குழாயை வெட்டிக் கட்டும் முறையில் ஆபத்து குறைவு. பத்தாண்டுகளில் ஆயிரம் பேருக்கு ஒன்றரை என்ற அளவே. ஆயினும், லட்சக்கணக்கான பெண்களுக்கு அந்த அறுவையைச் செய்த ஒரு மாநிலத்தில் அந்த ஒன்றரை எத்தனை பேராகும் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். குழாயை வெட்டச் சொன்ன அரசுக்கு, அந்தக் குழாயில் பின்னொரு நாள் ரத்தம் கசியும்போது கூடுதல் கடமை இருக்கிறதா, இல்லையா?

அடுத்த ஊகம் இன்னும் கொடியது: 'கல்யாணம் ஆகலை.' தாய் பக்கத்தில் நிற்க, பத்தொன்பது வயதுப் பெண்ணிடம் கர்ப்பம் பற்றிக் கேட்க மருத்துவருக்குக் கூச்சம். நாகரிகம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் அந்தக் கூச்சம் ஆளைக் கொல்லும்.

மூன்றாவது, கடையில் வாங்கிய மாத்திரை. கருக்கலைப்பு மாத்திரைகள் கருப்பைக்குள் இருக்கும் கருவுக்கானவை. குழாய்க்கருவை அவை தொடுவதில்லை. ஸ்கேன் எதுவும் பாராமல் மாத்திரை விழுங்கிய பெண்ணுக்கு வலியும் ரத்தப்போக்கும் வரும்போது, 'கலைந்துவிட்டது' என்று நிம்மதி அடைகிறாள். உள்ளே கரு வளர்ந்துகொண்டிருக்கிறது. இதைச் சொன்னால் உடனே 'மாத்திரையைத் தடை செய்' என்று ஒரு கூட்டம் கிளம்பும். அவர்களுக்காக இதை எழுதவில்லை. அவளை மருத்துவரிடம் வரவிடாமல் மெடிக்கல் ஷாப்பின் பின்வாசலுக்கு விரட்டிய நம் முகச்சுளிப்பைத்தான் முதலில் தடை செய்யவேண்டும். 1971 முதல் சட்டம் அவள் பக்கம் இருக்கிறது; நாம்தான் இல்லை.

5

கண்டுபிடித்தாலும் சிறிய ஆஸ்பத்திரியில் என்ன செய்ய முடியும், இது உயர் சிகிச்சை அல்லவா என்ற வாதம் வரும். வரலாற்றைக் கொஞ்சம் புரட்டலாம். 1883 இல் பர்மிங்ஹாம் நகரில் லாசன் டெய்ட் என்ற அறுவை மருத்துவர், கிழிந்த கருக்குழாயைக் கட்டி வெட்டியெடுத்து ஒரு பெண்ணைப் பிழைக்க வைத்தார். அன்று ரத்தப் பிரிவுகள் கண்டுபிடிக்கப்படவில்லை, ஆன்டிபயாட்டிக் இல்லை, ஸ்கேன் இல்லை. அந்த அறுவையின் சாரம் இன்றும் அதுவே: வயிற்றைத் திற, ரத்தம் கசியும் குழாயைக் கிடுக்கியால் பிடி, கட்டு, வெட்டு. சிசேரியன் செய்யத் தெரிந்த எந்த மருத்துவருக்கும் இது தெரியும். சிசேரியன் நடக்கும் எந்த அரங்கிலும் இதைச் செய்ய முடியும்.

நோயைக் கண்டறியவும் பெரிய கருவி வேண்டியதில்லை. பரிசோதனை அட்டையில் இரண்டு கோடு. நாடி வேகம், ரத்த அழுத்தச் சரிவு. ஊசியால் வயிற்றைக் குத்தி இழுத்தால் உறையாத ரத்தம். இந்த மூன்றும் சேர்ந்தால் வயிற்றைத் திறப்பதற்கு அதுவே போதுமான காரணம். முதலில் ஸ்கேன் எடுத்து வரட்டும் என்று அவளைச் சாலையில் அனுப்புவது மருத்துவம் ஆகாது.

ரத்தம்? இதுதான் உண்மையான சிக்கல். 1996 இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பைத் தொடர்ந்து, 1998 தொடக்கம் முதல் காசுக்கு ரத்தம் விற்பது நாடு முழுவதும் தடை செய்யப்பட்டது. எய்ட்ஸ் அச்சம் நிலவிய காலத்தில் அது தேவையான நடவடிக்கை. ஆனால் உரிமம் பெற்ற ரத்த வங்கி இல்லாத இடத்தில், நேரடியாக ஒருவரிடம் எடுத்து, சோதித்து, நோயாளிக்கு ஏற்றுவது சட்டத்துக்குப் புறம்பானதாயிற்று. கிராமப்புற அறுவை மருத்துவர்கள் அன்றிலிருந்து இதை எதிர்த்துக் குரல் கொடுத்து வருகிறார்கள். 2001 இல் சிறு மருத்துவமனைகள் ரத்தத்தைச் சேமித்து வைக்க உரிம விலக்கு வந்தது. ஒரு குளிர்பதனப் பெட்டியும், பயிற்சி பெற்ற ஒரு லேப் டெக்னீஷியனும், தாய் வங்கியோடு ஓர் ஒப்பந்தமும் இருந்தால் போதும். இருபது கிலோமீட்டரில் பெரிய வங்கி இருக்கும் ஊருக்கு இது எளிது. அருகாமையால் கிடைக்கக்கூடிய உண்மையான பயன் இதுதான்: நோயாளியை அங்கே அனுப்புவதற்குப் பதில் ரத்தத்தை இங்கே வரவழைத்து வைப்பது.

அதுவும் இல்லையென்றால்? அவளுடைய ரத்தமே இருக்கிறது. 1914 இல் தீஸ் என்ற ஜெர்மானிய மருத்துவர், குழாய்க்கரு வெடித்த பெண்களின் வயிற்றில் தேங்கிய ரத்தத்தை எடுத்து வடிகட்டி அவர்களுக்கே ஏற்றியதைப் பதிவு செய்தார். உலக சுகாதார நிறுவனத்தின் கையேடு இன்றும் அதைச் சொல்லித் தருகிறது. ரத்தம் புதியதாக, தொற்றில்லாததாக இருந்தால், கிண்ணத்தில் அள்ளி, துணிவலையில் வடிகட்டி, உறைதடுப்பு மருந்துள்ள பையில் ஊற்றி, வடிகட்டியுள்ள குழாய் வழியே ஏற்றலாம். பை இல்லையென்றால் 90 மில்லி ரத்தத்துக்கு 10 மில்லி சோடியம் சிட்ரேட். கரண்டியும் துணியும்! நூறாண்டுக்கு மேல் பழக்கமான இந்த முறை ஒவ்வொரு சிறிய அறுவை அரங்கின் சுவரிலும் தமிழில் எழுதி ஒட்டப்பட்டிருக்க வேண்டும்.

வெடிப்பதற்கு முன்பே கண்டுபிடித்தால் அறுவையே வேண்டாம், மெத்தோட்ரெக்ஸேட் ஊசி போதும் என்பார்கள். சரிதான், 1980களிலிருந்து அந்த வழி உண்டு. மருந்தும் விலை குறைவு. ஆனால் ஊசி போட்ட நான்காம் நாளும் ஏழாம் நாளும், அதன் பிறகு வாரந்தோறும் ரத்தத்தில் ஹார்மோன் அளவைப் பார்த்தாக வேண்டும். தினக்கூலியை இழந்து, பிள்ளைகளை அண்டை வீட்டில் விட்டுவிட்டுத் திருச்சிக்கு நாலைந்து முறை வரமுடியாத பெண்ணுக்கு அந்த ஊசியைப் போட்டு அனுப்புவது சூதாட்டம். பரிசோதனைக் குருதியைத் துவாக்குடியிலேயே எடுத்து, மாதிரியை மட்டும் திருச்சிக்கு அனுப்பினால் அது சிகிச்சை. இங்கும் அதே சூத்திரம்தான்: பெண்ணை அலைக்கழிக்காதே, பொருளை அனுப்பு.

6

எல்லா ஊரிலும் எல்லாம் வைக்க முடியாது, சிறப்பு மருத்துவர்களை ஒரே இடத்தில் குவிப்பதே தரமான சிகிச்சைக்கு வழி என்ற எதிர்வாதம் வலுவானது. அதை நான் ஒதுக்கவில்லை. நாள்தோறும் பத்து அறுவை செய்பவரின் கை, மாதம் ஒன்று செய்பவரின் கையைவிடத் தேர்ந்தது. புற்றுநோய்க்கும் இதய நோய்க்கும் நான் திருச்சிக்கே போவேன். ஆனால் குவிப்பது பற்றிய அந்த வாதம், நோயாளி போய்ச் சேரும்வரை பிழைத்திருப்பார் என்ற அனுமானத்தின் மேல் நிற்கிறது. குழாய்க்கரு அந்த அனுமானத்தை உடைக்கிறது. நாடி நிலையாக இருக்கிறதா? இரண்டு கைகளிலும் பெரிய ஊசி ஏற்றி, துணைக்கு ஒரு செவிலியரோடு, திருச்சிக்குத் தொலைபேசியில் சொல்லி, அங்கே அரங்கும் ரத்தமும் தயாரான பின் அனுப்புங்கள். அவள் நேரே அரங்குக்குப் போகட்டும், மறுபடி ஒரு வரிசையில் நிற்க வேண்டாம். நாடி சரிகிறதா? அங்கேயே திறங்கள். இந்த இரண்டுக்கும் இடையே மூன்றாவது வழி கிடையாது. வெறும் சீட்டை எழுதிக் கையில் கொடுப்பதுதான் நம்மிடம் வழக்கமாகிவிட்ட அந்த மூன்றாவது வழி.

வயிற்றுவலி, மயக்கம், ஒழுங்கற்ற ரத்தப்போக்கு என்று வரும் 15 முதல் 49 வயதுவரையிலான எந்தப் பெண்ணுக்கும், திருமணமா, அறுவையா என்று கேட்காமல், முதல் ஐந்து நிமிடத்தில் பரிசோதனை அட்டை. சிசேரியன் செய்யும் ஒவ்வொரு மருத்துவமனையிலும் இரவு பகலாக இந்த அறுவைக்கும் ஏற்பாடு. ரத்தச் சேமிப்பு அறை. மயிரிழையில் தப்பியவர்களின் கதையையும் ஆராய்வது. அதற்கான வழிகாட்டியை மத்திய அரசு 2014 லேயே வெளியிட்டிருக்கிறது. எத்தனை மணிக்கு வலி, எத்தனை மணிக்கு அட்டை, எத்தனை மணிக்குக் கத்தி என்று மூன்று நேரங்களைக் குறித்தாலே போதும், நம் குறை எங்கே என்று தெரிந்துவிடும். இவற்றுள் எதற்கும் புதிய கட்டடம் தேவையில்லை. திறப்பு விழாவும் தேவையில்லை. ஒருவேளை அதனால்தான் நடக்கவில்லையோ என்னவோ.

இலக்கிய வாசகர்களிடம் இதை ஏன் சொல்கிறாய் என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார்; நூல்களைத் தமிழாக்கினார். தன் நோயைத் தன் மொழியில் அறிவது ஒருவரின் உரிமை என்று அவருக்குத் தோன்றியது. இன்று குழாய்க்கரு அறுவை முடிந்து வீடு திரும்பும் பெண்ணின் கையில் இருக்கும் சீட்டில் ஒரு வரி தமிழ் இருக்குமா? ஒருமுறை வந்தவளுக்கு மறுமுறை வரும் வாய்ப்பு பத்தில் ஒன்று வரை உண்டு என்பதையும், அடுத்தமுறை நாள் தள்ளிப்போனால் உடனே ஸ்கேன் பார்க்க வேண்டும் என்பதையும் அவளுக்குப் புரியும் சொற்களில் யார் எழுதித் தருகிறார்கள்? இழந்தது ஒரு கர்ப்பத்தை என்றுகூட அவளுக்கு யாரும் சொல்வதில்லை. 'கட்டி மாதிரி இருந்தது, எடுத்தாச்சு' என்கிறார்கள். அவள் துக்கத்துக்கும் பெயரில்லாமல் போகிறது. சொல் தருவது நம் வேலை அல்லவா?

காவிரியில் வெள்ளம் வந்தால் ஆறு வடியும்வரை காத்திருக்கத்தான் வேண்டும், வேறு வழியில்லை. துவாக்குடிக்கும் திருச்சிக்கும் நடுவே வெள்ளம் ஏதுமில்லை, நல்ல சாலை இருக்கிறது. அந்தச் சாலையையே சாக்காகக் காட்டிக்கொண்டு, ஒரு பெண்ணின் வயிற்றுக்குள் ரத்தம் இறங்குவதை நாம் இன்னும் எத்தனை காலம் பார்த்துக்கொண்டிருக்கப் போகிறோம்?